டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: சும்மா கிடைக்கும் விதிகளா, காசு கொடுத்து வாங்கும் புத்தகமா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடலாம் வா என்று யாரைக் கூப்பிட்டாலும், முதல் கேள்வி டிராகனைப் பற்றி வருவதில்லை. "புக் வாங்கணுமா?" என்றுதான் வருகிறது. வேண்டாம், விதிகள் இணையத்திலேயே இருக்கின்றன என்று சொன்னால், "அப்போ புக்கை எதுக்கு விக்கிறாங்க?" என்பது அடுத்தது. சில வருடங்களாக வாரக் கடைசியில் ஒரு மேசை நடத்துகிறேன். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் இதே கேள்விகள், இதே பதில்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

முதல்ல இது என்ன? கம்ப்யூட்டர் கேமா?

இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர் என்போம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், கதவு உடைந்ததா, உங்கள் தோள்பட்டை உடைந்ததா என்பதை 20 முகப் பகடை சொல்லும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி, டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனம் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்டது. ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், அவ்வளவுதான். செஸ் வாங்கினால் பலகையும் காயும் கையில் வரும். இதில் விற்கிற சரக்கே எழுத்துதான். அந்த எழுத்தைச் சும்மா கொடுத்தால் என்ன மிஞ்சும் என்பதுதான் கீழே வரும் கேள்விகளில் பாதி.

ரூல்ஸ் இலவசம்னு சொல்றீங்களே, அது திருட்டுக் காப்பியா?

இல்லை, கம்பெனியே கொடுப்பது. டி.எஸ்.ஆரை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-இல் விசார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தபோது, விதிகளின் சாரத்தை "சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்" என்று தனியாக எடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று விசார்ட்ஸே வெளியிட்டது. இதைச் சுருக்கமாக எஸ்.ஆர்.டி. என்பார்கள். ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தபோது, ஆட வருகிறவர்களுக்காக "பேசிக் ரூல்ஸ்" என்று ஒரு பி.டி.எஃப்.பையும் இலவசமாகப் போட்டார்கள்.

திருட்டுக் காப்பி என்பது வேறு. அது பின்னால் வருகிறது.

விக்க வேண்டியதை ஏன் சும்மா கொடுக்கணும்? லாஜிக்கே இடிக்குதே.

எனக்கும் முதலில் இடித்தது. 1990-களில் டி.எஸ்.ஆர். இதற்கு நேர் எதிராகத்தான் இருந்தது. ரசிகர்கள் தாங்கள் எழுதிய சாகசக் கதைகளையும் அரக்கர்களையும் இணையத்தில் போட்டால் எடுக்கச் சொல்லும். அதன் பெயரின் மூன்று எழுத்துகளை வைத்தே, எப்போது பார்த்தாலும் வழக்குப் போடுகிற கம்பெனி என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். விசார்ட்ஸுக்கு வந்தபின் ரயன் டான்சி என்பவர் கணக்கை மாற்றிப் போட்டார். இந்த விளையாட்டைத் தனியாக ஆட முடியாது, கூட ஆட ஆள் வேண்டும். ஆக, எத்தனை பேருக்கு ஒரே விதி தெரிந்திருக்கிறதோ அத்தனைக்கு அந்த விதியின் மதிப்பு. மற்ற கம்பெனிகளும் இதே விதியை வைத்துச் சாகசங்கள் எழுதினால், அவற்றை வாங்குகிறவர்கள் கடைசியில் விசார்ட்ஸின் மூலப் புத்தகத்துக்குத்தான் வருவார்கள் என்பது அவர் வாதம்.

அதிலும் ஒரு தந்திரம் இருந்தது. கதாபாத்திரத்தின் அடிப்படை எண்களை எப்படி உருட்டி எடுப்பது, அனுபவப் புள்ளி சேர்ந்தால் எப்போது அடுத்த நிலைக்கு ஏறுவது, இந்த இரண்டும் அந்தக் கால எஸ்.ஆர்.டி.யில் வேண்டுமென்றே விடப்பட்டிருந்தன. இட்லி மாவு இலவசம், தட்டை மட்டும் எங்களிடம் வாங்கிக்கொள் என்கிற மாதிரி.

சரி, இலவசத்துல எவ்வளவு இருக்கு? புக்ல இருக்கற எல்லாமே இருக்கா?

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது. டிஎன்டியில் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைச் சுருக்கி இப்படிச் சொல்வோம்) எல்லாம் இல்லை. 2014 பதிப்புக்கான எஸ்.ஆர்.டி. 5.1 சுமார் 400 பக்கம். பன்னிரண்டு வகுப்புகளும் (போர்வீரர், மந்திரவாதி, திருடர் மாதிரியான தொழில்களை வகுப்பு என்பார்கள்) முதல் நிலையிலிருந்து 20-ஆம் நிலை வரை உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு உட்பிரிவு. கதாபாத்திரத்தின் பூர்வகதை ஒன்றே ஒன்று. சிறப்புத் திறனும் ஒன்றே ஒன்று. புத்தகத்தில் இவை டஜன் கணக்கில் இருக்கும்.

கம்பெனி தன் அடையாளமாக நினைப்பவையும் வராது. ஒற்றைப் பெரிய கண்ணோடு மிதக்கும் பிஹோல்டருக்கும், மூளையைத் தின்னும் மைண்ட் ஃபிளேயருக்கும் எஸ்.ஆர்.டி.யில் விவரக் குறிப்பு கிடையாது. மந்திரங்களின் தலையில் இருக்கும் மந்திரவாதிகளின் பெயர்களையும் வெட்டியிருப்பார்கள். புத்தகத்தில் "மெல்ஃப்ஸ் ஆசிட் ஏரோ", எஸ்.ஆர்.டி.யில் வெறும் "ஆசிட் ஏரோ". அமிலம் அதேதான், ஆள்தான் காணோம்.

பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு வேறு ரகம். ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் என்ற தளத்தில், பைசோவின் அனுமதியோடு, ஏறக்குறைய எல்லா விதிகளும் கிடக்கின்றன. வகுப்பு, மந்திரம், அரக்கர், துணைப் புத்தகங்களில் வந்தவைகூட. பைசோ பணம் பார்ப்பது சாகசக் கதைகளிலும், கையில் பிடிக்கிற புத்தகத்திலும், பி.டி.எஃப்.பிலும். விதிகளை முழுசாகத் திறந்து விட்டுவிட்டும் ஒரு கம்பெனி பிழைக்க முடியும் என்பதற்கு இவர்கள்தான் சாட்சி.

எஸ்.ஆர்.டி., பேசிக் ரூல்ஸ், ஓ.ஜி.எல்… எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் மூன்று. பேசிக் ரூல்ஸ் ஆடுகிறவர் படிப்பதற்கு. இலவசமாகப் படிக்கலாம், எடுத்து மறுபடி வெளியிட முடியாது. எஸ்.ஆர்.டி. எழுதுகிறவர் எடுத்தாள்வதற்கு. ஓ.ஜி.எல். விதியே இல்லை, அது உரிமம். எஸ்.ஆர்.டி.யை எந்த நிபந்தனையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் காகிதம். 'இலவசம்' என்ற ஒரே சொல்லுக்குள் 'காசு வேண்டாம்' என்பதும் 'என்ன வேண்டுமானாலும் செய்துகொள்' என்பதும் கலந்து கிடக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பு பற்றிய கேள்வியில் இந்த வித்தியாசம் முக்கியமாகும்.

அப்போ எஸ்.ஆர்.டி.யைப் படிச்சே கத்துக்கலாமா?

நான் அந்தத் தப்பைச் செய்து பார்த்துவிட்டேன். புதிதாக வந்த மூன்று பேருக்கு எஸ்.ஆர்.டி.யை அனுப்பி, படித்துவிட்டு வாருங்கள் என்றேன். மூன்று பேரும் நல்ல பிள்ளைகள், படித்துவிட்டே வந்தார்கள். தண்ணீருக்கடியில் ஈட்டி எறிந்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் "இப்போ நீ என்ன செய்யறே?" என்று கேட்டபோது மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன சொல்லலாம், சொன்னால் யார் பகடையை உருட்டுவது என்று எதுவும் தெரியவில்லை.

எஸ்.ஆர்.டி. அகராதி மாதிரி. அகராதியைப் படித்து யாரும் பேசக் கற்றதில்லை. இந்த விளையாட்டு எப்படி ஓடும் என்பதற்குப் புத்தகத்தில் உதாரண உரையாடல் இருக்கும்: டிஎம் இப்படிச் சொன்னார், ஆடுகிறவர் அப்படிச் சொன்னார், பகடை இப்படி விழுந்தது என்று. எஸ்.ஆர்.டி.யில் இதெல்லாம் எடுக்கப்பட்டிருக்கும். பேசிக் ரூல்ஸ் பரவாயில்லை. 2014 பேசிக் ரூல்ஸில் நான்கு வகுப்புகளும் நான்கு இனங்களும்தான், ஆனால் புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். அதையும்விட நல்ல வழி, ஏற்கெனவே ஆடுகிற மேசையில் ஒரு நாள் போய் உட்கார்வது. படித்துவிட்டு வந்த அந்த மூன்று பேரும் இரண்டே மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

புக் வாங்குனா அப்படி என்ன கூடுதலா கிடைச்சிடப் போகுது? படம்தானே?

படத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். "ஆந்தைத் தலையும் கரடி உடம்பும்" என்று நான் வாயால் சொன்னால் சிரிப்பார்கள். மான்ஸ்டர் மேனுவல் என்ற அரக்கர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆனால் உண்மையான வித்தியாசம் வேறு. இணையத்தில் தேடினால் தேடியது மட்டும்தான் கிடைக்கும். புத்தகத்தில் ஒன்றைத் தேடப்போய் இன்னொன்று கண்ணில் படும். என் சாகசங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் பிறந்தன. ஏதோ ஒரு மந்திரத்தைத் தேடிப் போனபோது பக்கத்து மந்திரத்தில் கண் நின்று, 'இதை ஒரு திருடன் கற்றுக்கொண்டால்?' என்று தோன்றும். அப்புறம், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் விதியே இல்லாத பக்கங்கள் நிறைய உண்டு. ஒரு ஊரை எப்படிக் கட்டுவது, ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களை எப்படி உள்ளே இழுப்பது என்பது மாதிரி. எந்த எஸ்.ஆர்.டி.யிலும் இவை வராது. நடத்துகிறவருக்கு விதியைவிட இவைதான் தேவை.

கரண்டும் போகும். ஒரு மழைக்கால ராத்திரி, சண்டையின் நடுவில் கரண்ட் போய், வைஃபையும் போய், ஆளுக்குப் பத்து சதவீதம் சார்ஜோடு உட்கார்ந்திருந்தோம். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு புத்தகம், சண்டை முடிந்தது. சொல்லப்போனால் அன்றைக்குத்தான் நிலவறை உண்மையிலேயே நிலவறையாக இருந்தது.

அப்படின்னா ஆளுக்கு ஒண்ணு வாங்கணுமா? விலையைப் பார்த்தீங்களா?

பார்த்தேன். ஆடுகிறவர்களுக்கான மூலப் புத்தகம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக். 2014-இல் வந்தபோது அதன் அச்சு விலை 49.95 டாலர். பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல் மூன்றும் சேர்ந்தால் 150 டாலர் பக்கம் வரும். மேசைக்கு ஒரு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் போதும். மற்றவர்கள் இலவச விதிகளை போனில் வைத்துக்கொள்ளலாம். அதையும் முதல் மாதம் வாங்க வேண்டாம். நாலு தடவை ஆடிப் பார்த்து, ஐந்தாம் தடவைக்கும் எல்லோரும் வந்தால் வாங்குங்கள். நிறையப் பேர் புத்தகத்தை வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு, ஆள் சேராமல் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புக்கைப் புரட்டறதுக்குள்ள நான் கூகுள்ல தேடிடுவேனே?

தேடிவிடுவீர்கள். எந்தப் பதிப்பின் விதி கிடைக்கும் என்பதுதான் சிக்கல். ஒரு தடவை எங்கள் மேசையில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் ஆற்றும் மந்திரம் போட்டார்கள், "க்யூர் வூண்ட்ஸ்". ஒருவர் போனில் பார்த்து, எட்டு முகப் பகடை ஒன்று என்றார். இன்னொருவர் போனில் இரண்டு என்றிருந்தது. இரண்டும் சரி. 2014 விதியில் ஒன்று, 2024 விதியில் இரண்டு. மூன்றாமவர் ஒருவர் பகடையோடு மந்திரவாதியின் நிலையையும் கூட்டச் சொன்னார். அவர் எடுத்தது 2003-இல் வந்த 3.5 பதிப்பின் பக்கம், அதில் மந்திரத்தின் பெயரே கொஞ்சம் வேறு. மூன்று போன், மூன்று விதி, ஒரு சாகக் கிடக்கிற ஆள்.

இருபது வருடங்களாகத் திறந்து கிடக்கும் விதிகள் என்பதால் எல்லாப் பதிப்பும் இணையத்தில் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. தேடுபொறிக்கு உங்கள் மேசை எந்த வருடத்தில் இருக்கிறது என்று தெரியாது. ஆகவே ஆட்டம் தொடங்கும் முன்பே "நாம் இந்தப் பதிப்பு, இந்தப் பக்கம்" என்று ஒரே சுட்டியை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நான் நடத்துகிற மேசையில் இது ஒன்றில்தான் கறாராக இருக்கிறேன். இலவசமா, அச்சா என்பதைவிட எல்லோரும் படிப்பது ஒரே எழுத்தா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒரே பதிப்புதான், ஆனா புக்ல ஒண்ணு, நெட்ல ஒண்ணு இருக்கு. எது செல்லும்?

அச்சான பிறகு கம்பெனி திருத்தங்கள் வெளியிடும். இணையத்தில் உடனே மாற்றிவிடுவார்கள். புத்தகத்தில் அடுத்த அச்சில்தான் மாறும். ஆகவே ஒரே பதிப்பின் முதல் அச்சும் பிந்தைய அச்சும் சில இடங்களில் வேறாக இருக்கும். முன்பக்கத்தில் எத்தனையாவது அச்சு என்று பாருங்கள். அதிகாரபூர்வமாகச் செல்லுவது கடைசியாக வந்த திருத்தம்தான்.

மேசையில் செல்லுவது டிஎம் சொல்வது. தாயம் ஆட யாரும் விதிப்புத்தகம் வாங்கியதில்லை. ஒரு ஊரில் ஐந்து விழுந்தாலும் காய் இறங்கும், பக்கத்து ஊரில் ஒன்று விழுந்தே ஆக வேண்டும். இங்கேயும் அதே கதைதான். 2014 விதிப்படி மருந்துக் குப்பியைக் குடித்தால் அந்த முறைக்கான முக்கியச் செயல் அதிலேயே போய்விடும். குடித்துவிட்டு வாளை வீச முடியாது. இது பிடிக்காமல் நிறைய மேசைகள் குடிப்பதைத் துணைச் செயலாக மாற்றிக்கொண்டன. 2024 புத்தகத்தில் கம்பெனியும் அப்படியே எழுதிவிட்டது. ஊர் விதி அச்சேறிய கதை.

ஆன்லைன்ல காசு கொடுத்தே வாங்கிட்டா அது என்னோடதுதானே?

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நீங்கள் வாங்குவது பெரும்பாலும் படிக்கும் அனுமதி, புத்தகம் இல்லை. நடந்த சிலவற்றைச் சொல்கிறேன். 2009 ஏப்ரலில், திருட்டுக் காப்பியைக் காரணம் காட்டி, விசார்ட்ஸ் தன் பி.டி.எஃப். விற்பனை முழுவதையும் திடீரென்று நிறுத்தியது. ஏற்கெனவே காசு கொடுத்தவர்களும் கடைத் தளத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ள முடியாமல் போனது. பழைய புத்தகங்களின் பி.டி.எஃப். விற்பனை 2013-இல்தான் திரும்பி வந்தது. நான்காம் பதிப்புக்குச் சந்தா கட்டிப் பயன்படுத்திய இணையக் கருவிகளை 2020 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள்.

அண்மைக் கதை டிஎன்டி பியாண்ட். இணையத்தில் புத்தகம் வாங்கிப் படிக்கவும், கதாபாத்திரத்தின் விவரத் தாளை வைத்துக்கொள்ளவும் உதவும் இந்தத் தளத்தை 2022-இல் ஹாஸ்ப்ரோ 146.3 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2024 ஆகஸ்டில், புதிய பதிப்பு வரும்போது கதாபாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவற்றை வைப்போம் என்று அறிவித்தார்கள். நடுக்கதையில் இருந்த மேசைகள் கொதித்துப் போயின. சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றது நல்லது. ஆனால் என் அலமாரிக்குள் ராத்திரி யாரும் வந்து பக்கத்தைக் கிழித்து வேறு பக்கம் ஒட்ட முடியாது.

பூட்டில்லாத பி.டி.எஃப். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் கணினியில் பிரதி இருக்கும்வரை உங்களுடையதுதான். பைசோ அப்படி விற்கிறது, அச்சைவிட மலிவாக. டிஎன்டி ஐந்தாம் பதிப்பின் மூன்று மூலப் புத்தகங்களுக்குக் கம்பெனி பி.டி.எஃப். விற்பதே இல்லை.

டெலிகிராம்ல முழு புக்கும் பி.டி.எஃப்.ஆ இருக்கே?

மேலே படித்தீர்கள், கம்பெனி அப்படி ஒன்றை விற்கவில்லை. ஆக அது யாரோ ஸ்கேன் செய்தது. சட்டப்படி தப்பு, அதோடு பக்கம் விட்டிருக்கும், திருத்தம் வராத பழைய அச்சாக இருக்கும். முறையாகவே இவ்வளவு சும்மா கிடைக்கும்போது இது தேவையே இல்லை. என் மேசையில் அனுப்ப விடுவதில்லை.

2023-ல ஏதோ பெரிய சண்டை வந்துச்சாமே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம். ஓ.ஜி.எல். உரிமத்தை நம்பி இருபது வருடங்களுக்கும் மேலாக நூற்றுக்கணக்கான சிறு வெளியீட்டாளர்கள் புத்தகம் போட்டு வந்தார்கள். 2023 ஜனவரி முதல் வாரத்தில், விசார்ட்ஸ் தயாரித்த புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது. வருடத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் பார்ப்பவர்கள் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை பங்கு கொடுக்க வேண்டும். லாபத்தில் இல்லை, வருமானத்தில். புத்தகத் தொழிலில் 25 சதவீதத்தைத் தூக்கிக் கொடுத்தால் அச்சகக்காரருக்குக் கொடுக்கக் காசிருக்காது.

எல்லாம் ஒரு சொல்லில் தொங்கியது. பழைய உரிமத்தில் 'நிரந்தரமாக' என்று எழுதியிருந்தார்கள். 'திரும்பப் பெற முடியாதபடி' என்று எழுதவில்லை. 2000-இல் யாருக்கும் அது தோன்றவில்லை. ஆட்டக்காரர்கள் டிஎன்டி பியாண்ட் சந்தாக்களை ரத்து செய்யத் தொடங்கினார்கள். கருத்துக் கேட்டபோது 15,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள், பெரும்பாலும் திட்டு. ஜனவரி 27-இல் விசார்ட்ஸ் இறங்கி வந்தது. பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்றதோடு, எஸ்.ஆர்.டி. 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டது. அந்த உரிமத்தில் 'திரும்பப் பெற முடியாது' என்று தெளிவாகவே இருக்கிறது.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்தக் களேபரத்தில், எட்டு மாதத்துக்கு வரும் என்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் மூலப் புத்தகங்கள் இரண்டே வாரத்தில் விற்றுப்போயின என்று பைசோ அறிவித்தது. விதிகள் முழுசாக இணையத்தில் சும்மா கிடக்கிற அதே பாத்ஃபைண்டர். பைசோ பிறகு ஆர்க் என்ற புதிய பொது உரிமத்தைக் கொண்டுவர முன்னின்றது. 2023 நவம்பரிலிருந்து தன் மூலப் புத்தகங்களைத் திருத்தி எழுதி, ஓ.ஜி.எல்.லை விட்டே வெளியேறியது. 'இலவசமாகப் போட்டால் புக் விக்காது' என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

இலவசம்தானே, நான் தமிழ்ல மொழிபெயர்த்துப் போடலாமா?

எஸ்.ஆர்.டி. 5.1 என்றால் போடலாம், விற்கவும் செய்யலாம். மூலம் யாருடையது, எந்த உரிமம் என்ற வாசகத்தைச் சேர்க்க வேண்டும், நீங்கள் மாற்றியிருப்பதையும் குறிப்பிட வேண்டும். 2024 பதிப்புக்கான எஸ்.ஆர்.டி. 5.2-வும் 2025 ஏப்ரலில் இதே உரிமத்தில் வந்துவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் 5.1-ஐ விசார்ட்ஸே வெளியிட்டிருக்கிறது. பேசிக் ரூல்ஸைத் தொடக் கூடாது, காரணத்தை ஐந்தாவது கேள்வியில் பாருங்கள். அட்டையில் டிஎன்டி முத்திரையைப் போட்டு கம்பெனி வெளியீடு மாதிரி காட்டவும் கூடாது.

சட்டத்தைவிடச் சொல்தான் கஷ்டம். 'ஹிட் பாயின்ட்' என்பதை உயிர்ப்புள்ளி என்று சொல்லிவிடலாம், நன்றாகவே ஒட்டுகிறது. 'சேவிங் த்ரோ'வுக்கு நான் பத்துச் சொல் யோசித்துவிட்டேன். தற்காப்பு உருட்டல் என்று எழுதிப் பார்த்தேன். மேசையில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. "டேய், சேவ் போடு!" என்றுதான் கத்துகிறார்கள்.

விளையாட்டு விதிக்குக் காப்புரிமையே கிடையாதாமே? அப்போ லைசென்ஸ் எதுக்கு?

நான் வக்கீல் இல்லை, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். எழுதிய விதத்துக்குக் காப்புரிமை உண்டு. ஆடும் முறைக்குக் கிடையாது. அமெரிக்காவில் 1879-இல் பேக்கர் எதிர் செல்டன் என்ற வழக்கில், கணக்கெழுதும் முறையை விளக்கும் புத்தகத்துக்கு உரிமை உண்டு, அந்த முறைக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், கருத்துக்குக் காப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறது.

20 முகப் பகடையை உருட்டி ஒரு எண்ணைக் கூட்டுவதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் ஒரு அரக்கனின் விவரணை எழுத்தா, முறையா? மந்திரத்தின் பெயர்? எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள வழக்கு நடத்த வேண்டும், அதற்குச் சிறு வெளியீட்டாளரிடம் காசு இல்லை. வழக்கே வராது என்ற உறுதிதான் உரிமத்தில் கிடைப்பது. 2023-இல் எல்லோரும் அவ்வளவு கொதித்தது அந்த உறுதி ஆட்டம் கண்டதால்தான்.

டிஎன்டி வேண்டாம், முழுசா இலவசமா வேற ஏதாவது?

தாராளமாக. பழைய பாணி நிலவறை பிடிக்குமென்றால் பேசிக் ஃபேன்டசி. பி.டி.எஃப். இலவசம், அச்சு வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே கொடுப்பார்கள். கூட ஆட ஆள் இல்லையென்றால் 2018-இல் வந்த அயர்ன்ஸ்வோர்ன். தனியாகவே ஆடலாம், முழுப் புத்தகமும் இலவச பி.டி.எஃப். ஒரு மணி நேரம்தான் இருக்கிறதென்றால் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். மொத்த விதியும் ஒரே பக்கம், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம். புதியவர்களிடம் நான் இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் நீட்டுகிறேன். டிஎன்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்கிட்ட 2014 புக்தான் இருக்கு. 2024 வந்துடுச்சே, பழசைத் தூக்கிப் போடணுமா?

எதற்கு? உங்கள் புத்தகத்தின் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதற்குப் பொருந்தும் எஸ்.ஆர்.டி. 5.1 இணையத்தில் இருக்கிறது. மேலே சொன்ன உரிமத்தின்படி அதை இனி யாரும் பறிக்கவும் முடியாது. கூட ஆடுகிறவர்களுக்கு அந்தச் சுட்டியை அனுப்பினால் போதும். புதிதாக ஒரு மேசையை ஆரம்பிக்கிறீர்கள், யாரிடமும் எதுவும் இல்லை என்றால் 2024-இல் தொடங்குங்கள், இனி வரும் சாகசங்கள் அதற்குத்தான் எழுதப்படும். இரண்டையும் கலந்து ஆடலாம் என்று கம்பெனி சொல்கிறது. ஆடலாம்தான், ஆனால் சண்டையின் நடுவில் எவனாவது எட்டு முகப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பான். எங்கள் மேசையில் இன்னும் ஒன்றுதான்.